வாக்குச் சீட்டும் லயத்துப் பாதையும்

ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்துப் பள்ளத்தாக்கில் அமைந்திருப்பது டயகம. அங்கே கொழுந்துக் கூடையுடன் மலையேறும் ஒரு பெண்ணுக்கு ஜனநாயகம் என்னும் சொல் எதனைக் குறிக்கும்? லயத்துக்குச் செல்லும் பாதை மழையில் அறுந்துபோனால், அதைச் சீர்செய்யும்படி யாரிடம் கேட்பது என்பதையே குறிக்கும். இவ்வெளிய வினாவுக்கு விடை காணவே ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி கழிந்தது.

1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆயினும், 1937 இல் கிராம சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நாட்டின் சட்டசபைக்கு ஆள் அனுப்பத் தக்கவர், தம் ஊர் வாய்க்காலைப் பற்றிப் பேசத் தகாதவராயினர்! 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் பிறந்தது. 1949 இல் வாக்கும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தமோ மக்களைத் தொகையாக்கிப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சியோருள் பலர் 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நாடற்றவராகவே இருந்தனர்.

வாக்கு மீண்டது, பாதை மீளவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபையின் பணத்தைத் தோட்டத்தினுள் செலவிட அது இடந்தரவில்லை. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், அவர்களது லயத்து வாசலில் ஒரு மதகு கட்டவும் இயலாதவராய் நின்றார். இத்தனைக்கும் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கையளிக்கப்பட்ட தோட்டங்கள் அவை. பாதை பழுதானால் மட்டும் அது அரசுக்கும் உரியதன்று, சபைக்கும் உரியதன்று!

2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெருஞ் சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் ஒன்றாகிய அக்கரப்பத்தனைப் பிரதேச சபைக்கு அவ்வாண்டு பெப்ரவரியில் முதல் தேர்தல் நடைபெற்றது.

தடை நீங்கியதனால் பாதை தானே அமைந்துவிடாது. நிலம் இன்றும் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது; சபையின் வருமானமும் சிறிது. தோட்டத்துக்குச் செலவிட முடியாது என்று முன்னர் சொல்லிவந்த உறுப்பினருக்குச் சட்டம் ஒரு சாக்காக இருந்தது. இப்பொழுது அச்சாக்கும் இல்லை. தம் டிவிசனுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவாயிற்று என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் டயகம மக்கள் சபைக்கு எழுதிக் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். காரணம் கூற வேண்டுவதில்லை. அச்சட்டம் வேண்டும் தகுதி ஒன்றே: கேட்பவர் இந்நாட்டுப் பிரசையாயிருத்தல்.