மின்சாரக் கார் நம்ம தெருவுக்கு வருமா?

(விம்கோ நகரில் நடந்த பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் சாப்பாடு ஆறிவிடும்" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் மாப்பிள்ளை கேட்டார்: "மாமா, மின்சாரக் கார் வாங்கலாமா?" முப்பது வருஷம் வண்டித் தொழிலில் இருந்தவன் என்ற தோரணையில், "தாராளமா வாங்கலாம்" என்றேன். "விலை கட்டுப்படியாகுமா? நம்ம வீடு இரண்டாவது மாடி, கார் நிற்பது தெருமுனை. எங்கே சார்ஜ் போடறது மாமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சென்னைக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1895லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது, 1953ல் நின்றது. நம் வட்டாரத்துக்குக் காரும் புதிதல்ல. பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸ், 1949ல் இதே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. இரண்டையும் சேர்த்து மின்சாரக் கார் செய்யும் முயற்சியும் நம் பக்கம் நடந்திருக்கிறது. கோயம்புத்தூரிலும் கேரளத்துச் சாலக்குடியிலும் இயங்கிய எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம், ஜப்பானின் யஸ்காவா துணையோடு 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் போகும் மின்சாரக் காரைச் செய்து, 1993ல் டில்லி கண்காட்சியில் வைத்தது. கைதட்டல் கிடைத்தது, வாங்க ஆள் வரவில்லை. அதில் இருந்தது ஈய பேட்டரி. கனம் அதிகம், ஓடும் தூரம் குறைவு. 2001ல் பெங்களூரில் வந்த 'ரேவா'வுக்கும் இதே தலைவலிதான்.

இன்றைக்கு லித்தியம் பேட்டரி வந்து நிலைமையை மாற்றிவிட்டது. அதில் தமிழர் பங்கும் உண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், ஜான் குடினஃபோடு சேர்ந்து 1980களில் செய்த ஆராய்ச்சி, இன்று விலை குறைந்த கார்களில் இருக்கும் இரும்பு-பாஸ்பேட் பேட்டரிக்கு அடித்தளமிட்ட வேலைகளில் ஒன்று. 2019ல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டோமே என்று தயங்கும் தம்பிகள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். 2010ல் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரிக்கு உலகச் சராசரி விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024ல் சுமார் 115 டாலர். அப்படியும் காரின் விலையில் பெரிய பங்கு பேட்டரிதான். 2024 செப்டம்பரில் எம்.ஜி. நிறுவனம் 'விண்ட்சர்' காரை இரண்டு விதமாக விற்க ஆரம்பித்தது. பேட்டரியோடு 13.50 லட்சம். பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் 9.99 லட்சம், ஓடும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வித்தியாசம் மூன்றரை லட்சம்! ஏறக்குறைய விலையில் கால் பங்கு. எரிபொருள் பீப்பாயையே தலையில் கட்டி விற்பது மாதிரிதான் இது.

என் முதல் யோசனை: பேட்டரி நம் தேவைக்கு அளவாக இருக்கட்டும். விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ பாதை 32 கிலோமீட்டர் சொச்சம். போய் வந்தால் 65. தினப்படிக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் பேட்டரி தாராளம். ஆனால் வாங்கும்போது எல்லோரும் திருச்செந்தூரை நினைத்து வாங்குகிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போக, தினமும் நானூறு கிலோமீட்டர் பேட்டரியை ஏன் சுமக்க வேண்டும்? கல்யாணத்துக்குப் பெரிய அண்டா வேண்டும் என்பதற்காக யாரும் விலைக்கு வாங்கி வீட்டில் வைப்பதில்லை. வாடகைக்கு எடுக்கிறோம். அதுபோல, சின்ன பேட்டரி காரோடு. நெடும்பயணத்துக்குக் கூடுதல் பேட்டரி வாடகைக்கு.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. இஸ்ரேலில் 'பெட்டர் பிளேஸ்' என்ற நிறுவனம் பேட்டரி மாற்றும் நிலையங்களைக் கட்டி 2013ல் திவாலானது. அதன் நிலையங்களுக்குப் பொருந்திய கார் மாடல் ஒன்றே ஒன்றுதான். நம் கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். எந்த வீட்டு அடுப்புக்கும் பொருந்துகிறது, காலியானதைக் கொடுத்து நிரம்பியதை வாங்குகிறோம். பேட்டரிக்கும் அப்படி ஒரு பொது அளவு வந்தால்தான் விலை இறங்கும்.

இரண்டாவது யோசனை: சார்ஜ் போடும் இடம். பளபளக்கும் பெரிய சார்ஜர் நமக்குத் தேவையில்லை. சாதாரண 15 ஆம்பியர் பிளக் மணிக்குச் சுமார் 3 யூனிட் தரும். எட்டு மணி நேரத்தில் 24 யூனிட், நம் அளவான காருக்கு அதுவே அதிகம். கார் என்பது ஓடுவதைவிட நிற்கும் நேரமே அதிகமான பொருள். அது நிற்கும் இடத்தில் மீட்டரோடு பிளக் இருந்தால் போதும்.

ஆனால் எங்கே, எப்போது என்பதில் நம் வட்டாரத்தின் வழக்கு ஒன்று இருக்கிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017ல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி இன்னும் எரிகிறது. ராத்திரியில் ஊரெல்லாம் காரைச் செருகினால், ஓடுகிற தெரு சுத்தமாகும், சாம்பல் நம்ம பக்கம் விழும். துணி காயப்போட்ட நம்ம வீட்டுப் பெண்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே பிளக்குகளைத் தொழிற்சாலை வண்டி நிறுத்தங்களிலும் மெட்ரோ நிறுத்தங்களிலும் வையுங்கள் என்கிறேன். மேலே சூரியத் தகடுக் கூரை, கீழே நிழலில் கார், பகல் மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம். மாப்பிள்ளை வேலை முடித்து வரும்போது கார் நிரம்பியிருக்கும்.

மூன்றாவது, வயிற்றுப்பாடு. நம் பேட்ச் நண்பர் ஒருவர் இங்கேதான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "உன் மின்சாரக் காரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை. எனக்கு என்னடா வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. அந்த வேலைகள் குறையத்தான் செய்யும். ஆனால் மோட்டார் ஷாஃப்ட், பேட்டரிப் பெட்டி, குளிர்விக்கும் தகடு எல்லாம் யாராவது கடைந்து, வெட்டி, பற்றவைக்க வேண்டியவைதான். பழைய பெட்ரோல் காரை, அங்கீகாரம் பெற்ற உபகரணம் போட்டு மின்சாரக் காராக மாற்றும் வேலையும் இருக்கிறது. அது புதுக் கார் வாங்க வசதியில்லாதவருக்கும் வழி. நம் கல்லூரிப் பட்டறையில் மாலை நேரத்தில் இந்தப் பட்டறைக்காரர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி தர முடியாதா? ஒரு பழைய காரை நம் சங்கமே வாங்கிக் கொடுத்து, மாணவர்கள் மாற்றிக் காட்ட முடியாதா? அந்தக் காருக்கான முதல் பங்கு என்னுடையது. தொகையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

நான் சொல்வது வெறும் கனவு இல்லை. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றை மாநகர் போக்குவரத்துக் கழகம் விலைக்கு வாங்கவில்லை; ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் தருகிறது. பஸ்ஸுக்கு முடிந்தது காருக்கும் முடியும். வடசென்னைக்கு வந்தது விம்கோ நகருக்கும் வரும்.

மாப்பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "அவசரப்படாதீங்க, முதல்ல நீங்க வேலை செய்யற இடத்தில் ஒரு பிளக் கேளுங்க" என்று சொல்லப் போகிறேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.