மக்கள் பெயரில் ஓர் ஆட்சி



உங்கள் சங்கக் கிளைத் தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே முறை. அந்த முறையை மனத்திற்கொண்டு, சோவியத் ருஷ்யாவின் தொடக்ககால ஆட்சியமைப்பைச் சற்று நோக்குவோம்.

1917 நவம்பரில் பெட்ரோகிராட் நகரில் போல்ஷ்விக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றினர். தொழிலாளர், போர்வீரர் ஆகியோரின் பேராளர்கள் கூடிய சோவியத் மாநாடு, லெனினின் தலைமையில் மக்கள் கமிசார் அவையை அமைத்தது. அரசியல் நிர்ணய சபை கூடும்வரை மட்டுமே அது தற்காலிக அரசாங்கமாக இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது.

அச்சபைக்குத் தேர்தலும் நடைபெற்றது. உழவரின் ஆதரவு பெற்ற சோஷலிஸ்டுப் புரட்சியாளர் கட்சிக்கே மிகுதியான இடங்கள் கிடைத்தன. 1918 ஜனவரி 18ஆம் நாள் கூடிய சபை மறுநாளே கலைக்கப்பட்டது. தற்காலிக அவையோ நிலைத்துவிட்டது.

அவ்வாண்டு ஜூலையில் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், அனைத்து ருஷ்ய சோவியத் மாநாட்டுக்கே உச்ச அதிகாரம் என்றது. ஆனால், அம்மாநாட்டுக்கு நகரங்களில் 25,000 வாக்காளருக்கு ஒரு பேராளர். மாகாணங்களிலோ 125,000 குடிமக்களுக்கு ஒருவர். உழவனுக்கு நிலம் கிடைத்தது. நகரத்தானுக்கு ஈடான குரல் கிடைக்கவில்லை. இவ்வேற்றுமை 1936ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில்தான் நீங்கியது. அப்பொழுதோ, தேர்ந்தெடுப்பதற்கு வேறு கட்சியே இல்லை.

நண்பர்களே, ஓர் அமைப்புக்கு மக்களின் பெயரைச் சூட்டுவது எளிது. ஆள்வோரை மக்கள் தம் வாக்கினால் மாற்ற இயலுமா என்பதே உரைகல். வாக்குச்சீட்டைக் கையில் பெறும்போது இதனை நினைவிற்கொள்ளுங்கள்.