ஒரே இடம், மாதம் ஒரு படம்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, இங்கே வெட்டிய ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகிறது. ஏரி இருந்தது தெரிகிறது. ஐப்பசியில் தண்ணீர் எதுவரை ஏறியது? சித்திரையில் எங்கே வற்றியது? அதைச் செப்பேடு சொல்லவில்லை. இன்று உங்கள் ஊர் ஏரிக்கு அதை உங்கள் கைபேசி சொல்லும். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, மாதம் ஒரு படம் எடுங்கள்.

"தினமும் பார்க்கிற ஏரிதானே, படம் எதற்கு?" என்று கேட்கலாம். தினமும் பார்ப்பதால்தான் மாற்றம் கண்ணில் படுவதில்லை. வீட்டுப் பிள்ளை வளர்வதைச் சுவரில் போட்ட பென்சில் கோடுதான் காட்டும். கரை சரிவதும், வாய்க்கால் தூர்ந்துபோவதும், சீமைக்கருவேலம் பரவுவதும் அப்படித்தான். "செயற்கைக்கோள் எடுக்கிறதே?" என்றும் கேட்கலாம். எடுக்கிறது, மேலேயிருந்து. மதகில் விழுந்த விரிசல் அதில் தெரியாது. மழைக்காலத்தில் மேகமும் மறைக்கும். "நல்ல கேமரா இல்லையே?" என்றால், இங்கே அழகு இரண்டாம்பட்சம். புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன. எந்த இடம், எந்தக் காலம் என்று தெரிவதே காரணம். ஆகவே தேதியையும் நின்ற இடத்தையும் எழுதிவையுங்கள். ஒரே இடம், ஒரே திசை, மாதம் ஒரு படம். ஏரியைத் தூர்வாரச் சொல்லிக் கிராம சபையில் கேட்கும்போது, அந்தப் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.