ரசிகன்தான் இசைத்தட்டு



‘இசைக்குழு நிலைத்து நிற்பது கலைஞர்களாலா, ரசிகர்களாலா?’ என்பது தலைப்பு. நண்பர் பத்து நிமிஷம் பீட்டில்ஸ் குழுவைப் பற்றியே பேசினார். “லிவர்பூல் நகரத்து நாலு பையன்கள், 1962-ல் ‘லவ் மீ டூ’ இசைத்தட்டு வந்தது, 1970-ல் பிரிஞ்சே போயிட்டாங்க, இன்னைக்கும் உலகம் கேட்குது, அதுதாங்க கலைஞன்” என்றார். ஐயா, லிவர்பூல் போக விசா வேணும். பண்ணைப்புரம் போக பஸ் டிக்கெட் போதும். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். (சிரிப்பு, கைதட்டல்)

அங்கேயும் நாலு பேர். பாவலர் வரதராசன், பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். அண்ணன் தம்பிகள். ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று சொன்னால் அறுபதுகளில் இந்தப் பள்ளத்தாக்கே திரளும். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய குழு அது. பெண் குரலுக்கு எங்கே போவது? வீட்டிலேயே ஆள் இருந்தது. சின்னப் பையன் ராசையா! பின்னாளில் இளையராஜா.

1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம்தான். மெஜாரிட்டி ரொம்ப மெலிசு. தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பகுதி தமிழர்கள். மலையாளத்தில் மணிக்கணக்காகப் பேசினால் யாருக்குப் போய்ச் சேரும்? பாவலர் மலையேறிப் போய்ப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்!

அந்தப் பாட்டில் என்ன சூட்சுமம்? மெட்டு, ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமா மெட்டு. வார்த்தை, அவர்களுடைய கூலி, அவர்களுடைய பசி. மெட்டு தெரியும், கஷ்டம் அதைவிட நல்லாத் தெரியும். ராத்திரி ஒரு தடவை கேட்டவன் காலையில் கொழுந்து பறிக்கும்போது பாடுவான். அதைப் பக்கத்து நிரையிலிருப்பவள் பிடித்துக்கொள்வாள். மைக் செட்டைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் பாட்டு அங்கேயேதான் இருந்தது. யார் வைத்திருந்தது? ரசிகன்! (கைதட்டல்)

எங்கப்பா கோம்பையில் கூலி வேலை பார்த்தவர். பாவலர் கூட்டம் என்றால் வேலை முடிந்த கையோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போவார். எங்கம்மா கேட்பாங்க, “ஏய்யா, நீ என்ன கட்சி?” அவர் சொல்வார், “நான் பாட்டுக் கட்சி.” (பலத்த சிரிப்பு)

எதிரணி நண்பரே, அந்தக் குழுவின் முதல் ரசிகை யார் தெரியுமா? தாய் சின்னத்தாயம்மாள். பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார்கள். ஊரே பாட்டுக் கேட்கட்டும் என்று, தான் பாட்டுக் கேட்கிற பெட்டியை விற்ற தாய்! (நீண்ட கைதட்டல்)

அந்தப் பிள்ளை 1976-ல் ‘அன்னக்கிளி’ தந்தார். நீங்கள் லண்டன் பெருமை பேசினீர்களே, அதே லண்டனில் 2025 மார்ச் 8-ஆம் தேதி சிம்பொனி அரங்கேற்றினார். ஆனால் கைபிடித்து மேடையேற்றிய அண்ணன்? பாவலர் 1973-லேயே கண்ணை மூடிவிட்டார். ‘அன்னக்கிளி’யைக் கேட்க அவர் இல்லை.

இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன். பீட்டில்ஸ் பாடியதைக் கேட்க உங்களிடம் இசைத்தட்டு இருக்கிறது. ரசிகனே இல்லாவிட்டாலும் தட்டு சுற்றும். எங்கப்பாவிடம் பாவலர் குரலில் ஒரு கேசட் கிடையாது. கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. என்னைப் பார்த்து, “தம்பி யாரு?” என்பார். பெத்த மகனை! ஆனால் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் விரல் தாளம் போடும். வாய், பாவலர் பாட்டை ஒரு வரி விடாமல் முணுமுணுக்கும். என் பேர் போச்சு, பாட்டு போகல.

நான் அதை எழுதி வைக்கல. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அவர் போன அன்றைக்கு எங்க வீட்டில் ஒரு இசைத்தட்டு உடைந்தது ஐயா. (அரங்கில் அமைதி)

நடுவர் மணியடிக்கக் கை நீட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பெரியவர் இருப்பார். இன்றைக்கு ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டு, “தாத்தா, அந்தக் காலத்துல என்ன பாட்டுக் கேட்டீங்க?” என்று கேளுங்கள். அவர் பாடினால் எழுதிக்கொள்ளுங்கள். கலைஞன் பாடிவிட்டுப் போகிறான். பத்திரப்படுத்துகிறவன் ரசிகன். ஆகவே இசைக்குழு நிலைத்து நிற்பது ரசிகர்களாலேயே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)