வீட்டுக்கு மூத்தவர்: டாக்டர் கோ. வெங்கடசாமி

1976-இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு வயது 58. திருமணம் செய்துகொள்ளாதவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த நிலையில் சொந்தமாகக் கண் மருத்துவமனை தொடங்கக் கிளம்பினார். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காசு வாங்காமல் பார்ப்பதுதான் திட்டம். ஓய்வு பெற்ற ஒருவர் இப்படி ஒரு கணக்கோடு போய் நின்றால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? கொடுக்கவில்லை. உடன்பிறந்தவர்கள் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. வீடு அடமானத்துக்குப் போனது. மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும். 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு பாடமே எழுதியது. செலவு எப்படிக் குறைகிறது, ஒரு நாளில் இத்தனை அறுவை எப்படி முடிகிறது என்று மேலாண்மை மாணவர்கள் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால், அந்தக் கணக்குகளுக்கெல்லாம் முந்தியது ஒன்று உண்டு. ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த ஒருவர், தம்பி தங்கைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின், அதே பொறுப்பை ஊராருக்கும் நீட்டினார். அவர் கட்டிய நிறுவனத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அந்த மூத்த பிள்ளையின் குணம்தான் தட்டுப்படுகிறது. இந்தச் சொற்பொழிவு பேச விரும்புவது அதைத்தான்.

எட்டயபுரத்துக்கு அருகே, கரிசல் காட்டில் இருக்கிறது அயன் வடமலாபுரம். 1918 அக்டோபர் 1 அன்று அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளியில் காகிதமும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலை அள்ளிவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்த தலைமுறை அவருடையது. ஊரில் மருத்துவரும் கிடையாது. அவருடைய உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார்கள். மூவருமே இளம் வயதினர். டாக்டராக வேண்டும், அதிலும் பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சாவுகளிலிருந்து வந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டம், 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., அடுத்து ராணுவ மருத்துவப் பணி என்று வாழ்க்கை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முடக்குவாதம் அதைக் குலைத்தது. 1948-இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கு மேல் படுத்த படுக்கை. எழுந்து நிற்கப் பழகுவதே ஒரு வேலையாக இருந்தது. பேனா பிடித்து எழுதுவதையும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. அந்தக் கைகளோடு பிரசவ மருத்துவம் ஆகாது என்றானபின், கண் மருத்துவத்துக்குத் திரும்பினார்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கருவிழியின் அகலம் சுமார் 12 மில்லிமீட்டர். அதன் ஓரத்தில் கீறி, புரை விழுந்த லென்ஸை உடையாமல் வெளியே எடுப்பது அன்றைய அறுவை முறை. விரல் நடுக்கமில்லாமல் இருப்பவர்களுக்கே அது எளிதாகப் பிடிபடாது. வெங்கடசாமியின் விரல்களோ ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பியிருந்தன. தன் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பழகிப் பழகி அந்த வேலைக்குக் கையை வசப்படுத்தினார். அந்தக் கைகள் தம் வாழ்நாளில் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1973-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இதற்கிடையே வீட்டுப் பொறுப்பும் அவர் தோளில்தான் இருந்தது. தம்பி தங்கைகளின் படிப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளாதவர், உடன்பிறந்தவர்களின் வீட்டிலேயே அவர்களில் ஒருவராக வாழ்ந்தார். தங்கை நாச்சியார் அவரைவிட மிகவும் இளையவர். அவருக்கு அண்ணன் என்பதைவிட அப்பா ஸ்தானம். நாச்சியார் கண் டாக்டரானதும் அண்ணன் காட்டிய வழிதான். நாச்சியாரின் கணவர் நம்பெருமாள்சாமி விழித்திரை மருத்துவத்தில் தேர்ந்தவர். நம்பெருமாள்சாமியின் தங்கை விஜயலட்சுமியும் அவர் கணவர் எம். சீனிவாசனும் கண் மருத்துவர்கள். வெங்கடசாமியின் தம்பி ஜி. சீனிவாசன் பொறியாளர், கட்டடமும் வரவு செலவும் அவர் கையில். இப்படி ஒரு வீட்டின் உறவுமுறையே ஒரு மருத்துவமனையின் துறைப் பட்டியலாக மாறியது.

சொல்ல எளிது. அந்த இளையவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. அரசு வேலையின் பாதுகாப்பை விட்டுவிட்டு, மிகக் குறைந்த சம்பளத்துக்கு, விடிவதற்கு முன் தொடங்கி இரவுவரை நீளும் வேலைக்கு வந்தார்கள். சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தால் சில ஆண்டுகளிலேயே வசதியாகியிருக்கலாம். அண்ணன் அவர்களிடம் கறாராகவே இருந்தார். ஆனால் தன்னிடம் அதைவிடக் கறாராக இருந்தார். மருத்துவமனையிலிருந்து அவர் சம்பளமே எடுத்துக்கொள்ளவில்லை. அரசு ஓய்வூதியத்தில் காலம் தள்ளினார். ஸ்ரீ அரவிந்தர், அன்னை ஆகியோரின் வழியில் ஊறியவர் அவர். நாட்குறிப்பேடுகளில் தன்னைத் தானே கேள்வி கேட்டு எழுதும் பழக்கமும் இருந்தது. மூத்தவர் தனக்கென்று ஒன்றும் ஒதுக்கிக்கொள்ளாத வீட்டில் இளையவர்கள் முணுமுணுத்தாலும் விலகிப் போவதில்லை. இந்த மருத்துவமனை நிலைத்ததற்கு எந்த நிர்வாக உத்தியையும்விட இதுவே பெரிய காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

கட்டடம் மாடி மாடியாக எழுந்தது. கட்டணம் கொடுப்பவர்களிடமிருந்து வந்த பணத்தில் கட்டணம் இல்லாதவர்களுக்கு மருத்துவம் நடந்தது. யார் எந்தப் பக்கம் போவது என்பதை வருகிறவரே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஏழை என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. பந்தியில் உட்கார்ந்தவரிடம் நீ யார் வீட்டு ஆள் என்று கேட்காத ஒரு பெரிய வீட்டின் வழக்கம் இது. மருத்துவமனை நடத்தும் பலருக்கு இன்றும் இந்தத் துணிவு வரவில்லை.

கிராமத்து முகாம்களில் வேறொரு பாடம் கிடைத்தது. கண்ணில் புரை, அறுவை செய்ய வேண்டும், இலவசம் என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலோர் வருவதில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். பஸ் செலவு, மதுரையில் சாப்பாடு, கூடவே ஒரு ஆள் வர வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி போகும். வைத்தியம் இலவசமானாலும் வைத்தியத்துக்கு வந்து சேர்வது இலவசமில்லை. எனவே முகாமிலிருந்து அன்றைக்கே பேருந்தில் ஏற்றிவந்து, தங்க வைத்து, சோறு போட்டு, அறுவை முடித்து, ஊரிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் முறை வந்தது. வருகிறவருடைய வயிற்றையும் வழித்துணையையும் யோசிப்பது வீட்டு மூத்தவர்களின் வேலை.

அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரை மற்றதில் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் நுண்ணோக்கியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் போதும். அதனால்தான் அங்கே ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்ய முடிகிறது. இந்த ஓட்டத்தைத் தாங்குபவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்த இளம்பெண்கள். சேர்க்கும்போது பெற்றோரையும் அழைத்துப் பேசுவார்கள். விடுதியில் தங்கவைத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி. பார்வை அளப்பது, கண்ணாடி எண் பார்ப்பது, அரங்கில் கருவி எடுத்துக்கொடுப்பது என எல்லாம் அவர்களே. ஊழியர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தாம். இந்தப் பயிற்சிமுறையைக் கட்டி எழுப்பியதில் நாச்சியாரின் பங்கு பெரிது. வயசுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், விவசாயக் குடும்பங்கள் தங்கள் மகள்களை நம்பி அனுப்பின. அந்த நம்பிக்கையை வாங்கித் தந்தது வெங்கடசாமி டாக்டர் என்ற பெயர். கல்லூரி வாசல் மிதிக்காமலே போயிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கையில் ஒரு தொழிலும் முதுகில் ஒரு நிமிர்வும் வந்ததை, பார்வை பெற்றவர்களின் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் இறக்குமதியாகி எட்டாத விலையில் விற்ற காலத்தில், அதை இங்கேயே செய்யலாம் என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. சேவா அறக்கட்டளையின் டேவிட் கிரீன் அதற்குத் துணை நின்றார். நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸ் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

மருத்துவமனை தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று பரவியபோது, வீட்டின் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டிருந்தார்கள். பெரியவர் அவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவார்; அவர்களையும் பேச வைப்பார். பலர் அதே துறைக்கு வந்தார்கள். மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் ஒரே வேலையில் இருப்பது எந்தத் தொழிலிலும் அபூர்வம். லாபப் பங்கு இல்லாத வேலையில் இன்னும் அபூர்வம். 2006 ஜூலை 7 அன்று அவர் மறைந்தபோது நம்பெருமாள்சாமி தலைமைப் பொறுப்பை ஏற்றார். அறுவை அரங்குகளில் வேலை வழக்கம்போலத் தொடர்ந்தது.

தொழில் ரகசியம் என்று அந்த வீட்டில் எதுவும் பூட்டிவைக்கப்படவில்லை. 1992-இல் லயன்ஸ் சங்கத்தின் உதவியோடு மதுரையில் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனம் எழுந்தது. கண் மருத்துவமனையை எப்படி நடத்துவது என்பதை, கேட்டு வருகிற யாருக்கும் அது சொல்லிக்கொடுக்கிறது. முகாம் எப்படிப் போடுவது, ஒரு அறுவைக்கு என்ன செலவாகிறது, கட்டணம் எப்படி வைப்பது, ஊழியரை எப்படிப் பழக்குவது என்ற எல்லாமே அதில் அடங்கும். இந்தியாவின் பிற மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. டாக்டரும் நிர்வாகியும் செவிலியரும் ஒன்றாக வந்து தங்குகிறார்கள். தங்கள் ஊர் மருத்துவமனையின் கணக்குகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, எங்கே தேங்குகிறது, எதை முதலில் மாற்றலாம் என்று மதுரைக்காரர்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் எழுதிக்கொண்டு போகிறார்கள்.