அப்பாவின் சோத்துக் கணக்கு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கடன், வட்டி, தவணை பற்றி எனக்கு முன்னால பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் எங்க வீட்டுல ஓடுற இன்னொரு கணக்கைச் சொல்றேன்.

எங்க அப்பாவுக்கு 84 வயசு. நெல் மண்டியில கணக்கு எழுதினவர். அம்மா போனபிறகு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வந்த மறுநாளே, "கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டுல உக்காந்து திங்கிறதாவது"ன்னு தட்டைத் தள்ளி வச்சுட்டார். வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார், மசியல. மூணாம் நாள் அவரே வழி சொன்னார். "ஏத்தா, ஒங்க குழு நோட்டு மாதிரி எனக்கும் ஒரு நோட்டுப் போடு. திங்கிறதை எழுதுறேன். முதியோர் பணம் வந்ததும் கழிச்சுக்க."

அன்னையிலிருந்து எழுதுறார். "காலை: இட்லி 3. சட்னி புளிப்பு." "மதியம்: சோறு, கீரை. உப்பு இல்லை. பாதி விலை." மாசம் உதவித்தொகை வந்ததும் 500 ரூபாயை எண்ணி என் கையில வச்சுட்டு ரசீது கேப்பார். வேண்டாம்னு சொல்லலாமேன்னு என் நாத்தனார் கேட்டாங்க. சொன்னா அன்னைக்கே தட்டு நகர்ந்துடும். அந்தப் பணத்தை வாங்கிக்கிறதுதான் அவருக்கு நான் செய்ற மரியாதை.

பல் செட்டு கட்டிக் கொடுத்தோம். கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும்தான் மாட்டுவார். தினமும் போட்டா தேஞ்சு போயிடுமாம்! அதனால வீட்டுல எல்லாமே குழைவாத்தான் வேகணும்.

2021-ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்துச்சு இல்லையா, அதுல எங்க குழுத் தங்கச்சி ஒருத்திதான் வீடு வீடாப் போய் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறா. ஒருநாள் நோட்டைப் புரட்டினவ சிரிச்சுட்டா. "மாலை: ஜிலேபி 2. பேரன் கணக்கு"ன்னு எழுதியிருக்கு. ஏன் தாத்தா இப்படின்னு கேட்டா, "தின்னது தப்புத்தான். அதுக்காகக் கணக்கை மறைக்க முடியுமா?"ங்கிறார்.

போன வருஷத்துல இருந்து ஞாபகம் தடுமாறுது. சாப்பிட்டுக் கை கழுவின பத்தாவது நிமிஷம், "ஏத்தா, இன்னைக்குச் சோறு உண்டா, இல்லையா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சத்தம். முதல் தடவை நோட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் படிச்சுட்டுச் சொன்னார்: "எழுத்து என் எழுத்துதான். தின்னவன் வேற எவனோ." எல்லாரும் சிரிச்சோம். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் திரும்பி வந்தேன்.

இப்ப நோட்டைக் காட்டி வாதாடுறதில்லை. ஒருவேளைச் சோத்துல பாதியை எடுத்து வச்சுக்கிறேன். திரும்பக் கேட்டா அதைக் கொடுப்பேன். சர்க்கரையும் ஏறாது, சண்டையும் இல்லை. தண்ணி குடிச்சா புரையேறுதுன்னு நர்சம்மாகிட்ட சொன்னதுக்கு, நிமிர்ந்து உக்கார வைங்க, சின்ன வாயாக் கொடுங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க, வாயில சோத்தோட பேச விடாதீங்கன்னு சொன்னாங்க. மத்ததெல்லாம் நடக்குது. அந்தக் கடைசி ஒண்ணுதான் முடியல. பழைய நெல் விலையெல்லாம் அப்பத்தான் அவருக்கு வரிசையா ஞாபகம் வருது.

இவரைத் தனியா விட்டுட்டுச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வர முடியாம நாலு வாரம் அபராதம் கட்டினேன். அஞ்சாவது வாரம் எங்க ஊக்குநர் அக்கா எல்லாரையும் கூட்டிக்கிட்டு எங்க திண்ணைக்கே வந்துட்டாங்க. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "தீர்மான நோட்டைக் காட்டுங்க"ன்னார்! அன்னைக்கே தீர்மானம் போட்டோம். வயசானவங்களைப் பார்த்துக்கிற உறுப்பினருக்கு அபராதம் கிடையாது. அவசரத்துக்கு அவங்க வெளியே போகணும்னா, குழுவுல ஒருத்தர் போய் அந்தப் பெரியவர்கூட இருக்கணும். இதை நம்ம கூட்டமைப்பு எல்லாக் குழுவுக்கும் தீர்மானமாக் கொண்டு வரணும்னு கேட்டுக்கிறேன். இந்தப் பந்தல்லயே இப்ப வீட்டை நினைச்சுக்கிட்டு மணியைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும்.

எங்க வீட்டுல இன்னைக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் அவருக்குச் சோறு போட்டிருப்பாங்க. அவங்க குழம்புக்கு என்ன விலை எழுதி வச்சிருக்காரோ, போய்த்தான் பார்க்கணும்.