டாக்குத்தர் பட்டத்துக்குப் பின்



2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி பூநகரிக்குக் கிட்டவாகிவிட்டது. ஆனால் அங்கே நாம் தேடிப்போகும் விசேட வைத்திய நிபுணர் எப்படி உருவாகிறார் என்பதை நம்மிற் பலர் அறியோம். "பிள்ளை டாக்குத்தராய் வந்தாயிற்று, இனியும் என்ன படிப்பு?" என்கிறோம்.

எம்.பி.பி.எஸ். பட்டம் வாசற்படிதான். ஒரு வருட உள்ளகப் பயிற்சியை முடித்து, மருத்துவச் சபையிற் பதிந்து, சில காலம் சேவையும் செய்தபின், பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980 இல் அமைந்த நிறுவகம் அது. தேறியவர் வாட்டிலே இரவு பகலாய் வேலை செய்துகொண்டே ஆண்டுக்கணக்கிற் பயின்று எம்.டி. பரீட்சை எழுதுவார். அதிற் சித்தியடைந்தாலும் நிபுணர் ஆகிவிடார்! மேற்பயிற்சியும் வேண்டும், பல துறைகளில் அதன் ஒரு பகுதி வெளிநாட்டில். அதன்பின்பே அத்தாட்சி. அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும். பெண்பிள்ளையானால், "கலியாணம் எப்போது?" என்ற கேள்வி வேறு. பெரியவர்கள் பொறுத்தருள்க; அக்கேள்வியாற் படிப்பை விட்டவர்களும் உளர்.

பரீட்சையோ ஆங்கிலத்தில். மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 1864 முதல் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். கற்றவர் ஊரிலேயே தங்குவர் என்பது அவர் எண்ணம். மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு அக்கதை இனிக்கும். ஆயினும் இன்றைய பரீட்சைக்கு அது உதவாது. ஆகையால் சங்க மண்டபத்திலே சனிக்கிழமை தோறும் ஓர் ஆங்கில வகுப்பு வையுங்கள். விடுமுறைக் காலத்திற் கற்பிக்க நான் வருகிறேன்.